சுற்றி வந்த ஆய்வேடு

அன்று மாலை ஆனையூர் மாடி அறையில் இருந்தவர்கள்: முதலாளி ஆண்டிச்சாமி. கோச்சடையிலிருந்து வந்த ஆங்கில விரிவுரையாளர் சிவபாண்டி, முனைவராகத் துடிப்பவர். கணினிகளுக்கு முன்னால் முத்துமீனாவும் சரண்யாதேவியும். பூட்டிய பீரோவுக்குள் முத்துமீனாவின் அசல் பட்டச் சான்றிதழ். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆண்டிச்சாமி அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டான். ஓடிப்போகாமல் இருப்பதற்காம்.

மறுநாள் காலை ஒரு வங்கி வேலைக்கு அவள் அந்த அசலைக் காட்ட வேண்டும். "சார் ஏட்ட முடி, தாரேன்" என்றிருந்தான்.

எவனோ எழுதிய ஆய்வேட்டை இன்னொருவன் பெயருக்கு மாற்றிக் கொடுப்பதுதான் அங்கே தொழில். 'ஹி டிசைடட்' என்று இருந்தால் 'ஹிஸ் டிசிஷன்' என்று ஆக்க வேண்டும். வினையைப் பெயராக்கு, பெயரை வினையாக்கு. பொருள் மாறக்கூடாது, அப்படி ஒன்று இருந்தால். திருட்டைப் பிடிக்கும் மென்பொருள் ஏமாந்துவிடும். பட்டம் வாங்கியவர்கள் பிறகு மேடையேறி நேர்மை பற்றிப் பேசுவார்கள்.

அந்த மென்பொருளின் சோதனை அறிக்கை வந்தது. சிவபாண்டிக்கு முகம் வெளுத்தது.

"பாதிக்கு மேல சிவப்பா கெடக்கு! யாரு இந்த அழகுராஜா?"

"போன வருசம் இங்க வந்தவரு சார்," என்றாள் சரண்யாதேவி. வாயை அடக்கத் தெரியாதவள்.

அழகுராஜாவின் ஏடு முழுக்க வினைகள். அதையே பெயர்ச்சொற்களாக்கி அடுத்தவனுக்கு விற்றார்கள். புதிதாக ஒன்றைத் தேடச் சோம்பல்பட்டு, அந்த இரண்டாம் பிரதியைத்தான் ஆண்டிச்சாமி இப்போது தூக்கிக் கொடுத்திருந்தான். முத்துமீனா அதன் பெயர்ச்சொற்களை மறுபடி வினைகளாக்கினாள். வரிக்கு வரி அழகுராஜா எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"காலைல கொண்டுபோய்க் குடுக்கணும்யா!" சிவபாண்டி தலையில் கைவைத்தார்.

"மீனா, இப்பவே மாத்து," என்றான் ஆண்டிச்சாமி.

"சான்றிதழ எடுங்கண்ணே. மாத்துறேன்."

"முடிச்சுட்டு வாங்கிக்க."

"அப்ப நீங்களே மாத்திக்கங்க."

"அம்புட்டுத்தானேய்யா, குடுத்துத் தொலையேன்!" சிவபாண்டி போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் படியேறி எட்டிப் பார்த்தார். ஆண்டிச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு பீரோவைத் திறந்தான்.

முத்துமீனா சான்றிதழை வாங்கி, தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாள். பைக்குள் வைத்தாள். எழுந்துபோய்ச் செருப்பை மாட்டினாள்.

"ஏய், எங்க கெளம்பிட்ட? மாத்துறேன்னு சொன்னேல்ல?"

"சொன்னேன். இங்க எவன் சொன்னத நாம அப்படியே விட்ருக்கோம்? சார் இங்கிலீஷ் வாத்தியார்தானே, உக்காந்து எழுதட்டும்."

சிவபாண்டி காலி நாற்காலியையும் சரண்யாதேவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுலருந்தும்மா ஆரம்பிக்கணும்?"

சரண்யாதேவியின் கண் வாசலுக்குப் போனதை ஆண்டிச்சாமி கவனித்துவிட்டான். இவளும் போய்விட்டால் கடை காலி. முத்துமீனா முதல் படியில் கால் வைத்ததுமே கதவை அவள் முதுகுக்குப் பின்னால் அறைந்து சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினான்.