இடுப்பளவு

கால்சட்டையின் இடுப்புத் தையலைப் பிரித்து, துணியை உள்ளே மடித்து, மிஷினில் கொடுத்தாள். சாயங்காலம் அடக்கம். பெட்டி முன்னறைக்கு வந்துவிட்டது. குண்டூசி குத்தி விட்டால் போதாதா, யார் பார்க்கப் போகிறார்கள் என்று யாரோ கேட்டார்கள். தையற்காரியின் புருஷன் அளவு தப்பிய துணியோடு போவதா? அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

இந்த வருஷம் முழுக்க அவர் துணிகளை அளவு குறைத்துப் பிடித்துத் தைத்ததே அவளுக்கு வேலை. எல்லாம் தேவாலயத்து நல்வாழ்வு மன்றத்தின் மகிமை என்று நம்பினாள். மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். நர்சம்மா ரத்த அழுத்தம் பார்ப்பாள். மனத்திடம் பற்றிப் போதகர் பேசுவார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் பாரத்தை இறக்கி வைப்பார்கள். அங்கே பேசியது அந்த வட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது; அது மன்றத்தின் நெறி. இவள் பக்கத்து அறையில் எல்லாருக்கும் டீ போடுவாள். நாலு பேர் முன்னால் உட்கார்ந்து அழ அவளுக்கென்ன தலையெழுத்தா?

லிஃப்ட் மெக்கானிக் புருஷன் தட்டை வழித்துச் சாப்பிடுகிற ஆள். மன்றத்துக்குப் போக ஆரம்பித்தபின் பாதியில் எழுந்தார். கேட்டால், "நர்சம்மா சொன்ன டயட்டு" என்பார். தொப்பை போன இடம் தெரியவில்லை. ஒருமுறை டீத்தட்டோடு உள்ளே போனவள் பெருமை தாங்காமல், "உங்க தயவுல இவரு மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டாரு!" என்றாள். வட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

இப்போது அந்த நர்சம்மாதான் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"அண்ணன் மாதிரி தைரியசாலிய நான் பாத்ததில்லக்கா. கணையத்துல கட்டி, கை மீறிப் போச்சுன்னு தெரிஞ்சும் எங்களுக்கில்ல தைரியம் சொன்னாரு!"

மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனப்பகூட வயித்துப்புண்ணுன்னுதானே சொன்னாரு?"

நர்சம்மாவின் முகம் வெளுத்தது. "உங்ககிட்ட சொல்லச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினோம்க்கா. அவ பாடிக்கிட்டே தைக்கிறா, அந்தச் சத்தம் நிக்கக்கூடாதுன்னாரு. நெறின்னு ஒண்ணு இருக்கே, நாங்க எப்படி..."

வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். அவளும் மன்றத்துக்குப் போகிறவள்தான்.

"உனக்கும் தெரியுமாடி?"

மகள் தலை குனிந்தாள்.

செத்தவர்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் சொல்லி அழுதிருக்கிறார். கூடப் படுத்தவளுக்கு மட்டும் டயட்டாம். தெரிந்திருந்தால் அவர் பக்கத்தில் சும்மாவாவது உட்கார்ந்திருப்பாளே. அந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்? அவர் கரையக் கரைய, பாட்டுப் பாடிக்கொண்டு கால்சட்டை இடுப்பைப் பிடித்துத் தைத்திருக்கிறாள். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு இப்போது காதில் விழுந்தது.

வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தம். மன்றத்தார் பழக்கதோஷத்தில் முற்றத்திலும் வட்டமாகவே போட்டுவிட்டார்கள். போதகர் உள்ளே வந்து மெதுவாகக் கூப்பிட்டார்.

"கொஞ்ச நேரம் எங்களோட வந்து உக்காருங்கம்மா. மனசுல இருக்கறத அடக்கி வைக்காதீங்க. நம்மகிட்ட சொன்னா அது வெளிய போகாது."

"தெரியும் ஐயா," என்றாள். "போகல."

போதகர் முற்றத்துக்குத் திரும்பிப் போனார். நர்சம்மாவும் எழுந்து போனாள்.

பாதித் தையல்தான் ஓடியிருந்தது. நூலை நறுக்கிக் கால்சட்டையை வெளியே எடுத்தாள். மிஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள். மகளிடம் கையை நீட்டி ஊசியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மீதியைச் சத்தமில்லாமல் கையால் தைக்க ஆரம்பித்தாள்.