ஹைஸம் முடித்துவிட்டார்

எங்கள் முதலாளி மெத்ஹத் பே, குழுவின் ஒரு வருட வேலைச் சுருக்கத்தைக் கூட்ட அறைத் திரையில் போட்டபோது எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"ரமலானில் ஆர்டர்கள் நின்றன. ஹைஸம் சரிசெய்தார். மருந்து விலைகள் குழம்பின. ஹைஸம் முடித்துவிட்டார்." வரிக்கு வரி ஹைஸம்தான். கடைசியில் போனால் போகிறது என்று ஒரு வரி: "நெவீனின் பங்களிப்பு குறைவு."

நெவீன் நான்தான். அந்தச் சுருக்கத்தை எழுதிய செயற்கை நுண்ணறிவு உதவியாளரை எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பழைய பேச்சுகளோடு இணைத்ததும் நான்தான். நான் பெற்ற பிள்ளை என்னையே யாரென்று கேட்டது.

வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி எங்களுடையது. கெய்ரோவில் யார் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்? எல்லாருமே குரல் பதிவுதான். ரமலானில் ஆர்டர்கள் நின்ற அன்று நான் சுற்றுச்சாலை நெரிசலில், மைக்ரோபஸ்ஸின் பின்சீட்டில் இருந்தேன். நோன்பு திறக்கும் நேரம். சாலையோரத்துப் பையன்கள் ஜன்னல் வழியாகப் பேரீச்சம்பழப் பொட்டலங்களை எறிந்துகொண்டிருந்தார்கள். ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டே, ஹார்ன் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியக் கத்தி, எதை நிறுத்த வேண்டும், எதைத் திருத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அலுவலகத்தில் இருந்த ஹைஸம் அப்படியே செய்துவிட்டு, கீழே ஒரே ஒரு வார்த்தை தட்டினான்: "முடிஞ்சது."

எப்போதும் அப்படித்தான். தன் குரல் தனக்கே பிடிக்காது என்பான். எங்கள் குழுவில் எழுதுகிற ஒரே ஆள் அவன். உதவியாளருக்கோ எழுத்து மட்டும்தான் தெரியும். குரலுக்கு அது முழுச் செவிடு.

இணைக்கும்போதே மெத்ஹத் பேயிடம் சொன்னேன், குரலை எழுத்தாக்கும் வசதியும் சேர்த்து வேண்டும் என்று. அதற்குத் தனிச் செலவு, அப்புறம் பார்க்கலாம் என்று தட்டிக்கழித்தார். குழுவிலும் எச்சரித்தேன். அதுவும் குரல் பதிவுதான்.

"மப்ரூக் ஹைஸம்!" என்று வாழ்த்தினார் மெத்ஹத் பே. "இனிமே குழுத் தலைவர் நீதான்."

எனக்குத் தருவதாகப் போன வருடமே அவர் வாயால் சொன்ன பதவி.

"பே, இது தப்பு. நான் பேசினது ஒண்ணுகூட இதுல இல்ல."

"இன்ஜினியரம்மா, மனுஷன்னா ஓரவஞ்சனை பண்ணுவான். மெஷினுக்கு உன்மேல என்ன பகை?"

"பகை இல்ல, காது இல்ல. உங்களுக்குத்தான் ரெண்டு இருக்கே? ஃபோன எடுத்துக் கேளுங்க."

"ஒரு வருஷப் பேச்ச நான் உக்காந்து கேக்கணுமா? அந்தத் தலைவலி வேண்டாம்னுதானே உன்ன இத மாட்டச் சொன்னேன்!"

நான் ஹைஸமைப் பார்த்தேன். அவன் தன் கையிலிருந்த, தஅமிய்யா வடை வைத்த ரொட்டியைப் பார்த்தான்.

"நீ சொல்லுடா. அன்னிக்கு என்ன செய்யணும்னு உனக்கு யார் சொன்னா?"

"எல்லாரும் சேர்ந்துதானே செஞ்சோம், நெவீன்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்குக் கல்யாணம் பேசிட்டிருக்காங்க. இந்த நேரத்துல என் வயித்துல அடிக்காத."

என் வயிறு என்ன, ரப்பரிலா செய்தது? அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். லிஃப்ட் வரும்வரை அங்கேயே நின்று குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். இன்றோடு வேலையை விடுகிறேன் என்றேன். பணம் கட்டும் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் ஞாயிற்றுக்கிழமை காலாவதியாகிறது, புதுப்பிக்காவிட்டால் ஆர்டர்கள் நிற்கும் என்றேன். எப்படிப் புதுப்பிப்பது என்பதையும் பொறுமையாகச் சொன்னேன். நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள்?

குழுவின் மற்ற இருவரும் கேட்டார்கள். ஆளுக்கொரு இதயக்குறி போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஹைஸம் கேட்கவில்லை. அவன் இப்போது தலைவன், தலைவர்கள் சுருக்கம்தான் படிப்பார்கள்.

அன்று சாயங்காலம் குழுவில் உதவியாளரின் தினச் சுருக்கம் வந்தது. "இன்று ஹைஸமுக்கு வாழ்த்துகள் குவிந்தன. வேறு முக்கியமான செய்தி இல்லை." மெத்ஹத் பே அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊரில் வாரத்தின் முதல் வேலை நாள், நான் பால்கனியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"எங்கம்மா இருக்கே? ஆர்டர் எல்லாம் நின்னுபோச்சு! ஹைஸம் பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கான்!"

"நான்தான் வியாழக்கிழமையே வேலைய விட்டுட்டேனே."

"எப்ப சொன்னே?"

"குழுவுல சொன்னேன். இன்னிக்கு எது நிக்கும், எப்படிச் சரிபண்ணணும், அதையும் சொன்னேன்."

"சுருக்கத்துல வரலையே!"

"பதிவு அங்கேயேதான் இருக்கு, பே. உக்காந்து கேளுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு லிஃப்டின் மணியோசைக்கு நடுவே என் குரலே எனக்குக் கேட்கத் தொடங்கியது. எழுதிக்கொள்ள ஹைஸம் யாரிடமோ ஒரு பேனா கேட்பதும் காதில் விழுந்தது. நான் ஃபோனை வைத்துவிட்டேன்.