ஐந்தாவது துண்டு

எனக்குக் கோபம் வந்தால் கையிலிருக்கும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் அது. கத்தரி மேசையில் டக்கென்று விழும் சத்தம் கேட்டால் எங்கள் தையல் கூடத்தில் பதினெட்டு மிஷினும் ஒரு நொடி நின்றுவிடும். "மாஸ்டர் அக்கா இறங்கிட்டாங்க" என்று யாராவது முணுமுணுப்பார்கள். துணி வெட்டுகிறவரை எங்கள் தொழிலில் மாஸ்டர் என்பார்கள். வெட்டுவது பெண் என்றால் கூடவே ஓர் அக்காவும் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கடிதம் வந்த அன்று கத்தரி விழுந்தது. 'தங்கள் மகள் சனிக்கிழமை வகுப்புக்குத் தேர்வாகவில்லை' என்று ஒரே வரி. ஏன், எதற்கு, ஒன்றும் கிடையாது.

என் மகளுக்கு எட்டு வயது. பேசத் தொடங்கிய நாளிலிருந்து தொணதொணவென்று கேள்வி கேட்டதால் அவள் அப்பா வைத்த பெயர் தொணா. அவர் பஸ் ஓட்டுகிறார். ஒரு விடுமுறை நாளில் அவளைப் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போனவர், திரும்பி வந்து தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். "பஸ் திரும்பறப்ப வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடுமான்னு கேக்கறா. ஓடும்னேன். அப்ப அது சீக்கிரம் தேயுமான்னா. நான் எத்தன வருஷமா ஓட்டறேன், எனக்கே தோணலியே" என்றார்.

அப்படிப்பட்டவள் இந்த வருடம் வாயை மூடிக்கொண்டாள். வகுப்பில் மட்டுமல்ல, வீட்டிலும்தான். சாப்பிட்டாள், எழுதினாள், தூங்கினாள். அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பியபோது, பிள்ளையை மிரட்டி அடக்கிவிட்டார்கள் என்று முடிவே கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன். அந்த அம்மா என்னை உட்காரவைத்து, "முன்னெல்லாம் ஒரு நாளைக்கு நாப்பது கேள்வி கேப்பா. எனக்கே சில நேரம் எரிச்சலா இருக்கும். இப்ப ஒண்ணுகூட இல்ல. கேட்டு என்ன ஆகப்போவுதுன்னு விட்டுட்டா போல. எனக்குப் பயமா இருக்குங்க. என்னால இவளுக்குத் தீனி போட்டு மாளல" என்றார்கள். சண்டைக்குப் போனவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை வகுப்பைப் பற்றிச் சொன்னதும் அந்த டீச்சர்தான். வயதை மீறி ஓடுகிற பிள்ளைகளுக்கென்றே நடக்கிறதாம். விண்ணப்பமும் அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார்?

"என் பேரப் போடேன்" என்றார் வீட்டுக்காரர்.

"என்ன சொல்லிக் குடுத்தீங்க, பிரேக் போடவா?"

நான் எட்டாவதோடு நின்றவள். 'யாரும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

தேர்வுக்குப் போய் வந்தவளிடம் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "எழுதினேன்" என்றாள், அவ்வளவுதான். பிறகு இந்தக் கடிதம். இந்த வாசலும் சாத்தப்பட்டால் என் பிள்ளை இப்படியே ஊமையாகிவிடுவாள் என்று பயந்தேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தொணாவையும் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு நேரே போனேன்.

வகுப்பு நடக்கும் இடம் நூலகத்துக்கு மேல் மாடி. பெரிய அறை. சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த படங்கள், மேசைகளில் மரத்துண்டுகள், காந்தம், ஒரு பிரித்துப்போட்ட கடிகாரம். தொணாவின் கண் அந்தக் கடிகாரத்தின் மேலேயே நின்றது. பொறுப்பாளர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் கண்ணாடி தொங்கியது.

"எம் பொண்ணு என்ன தப்பு பண்ணானு தெரியணும்" என்றேன். கையில் கத்தரி இல்லாததால் கைப்பையைக் கீழே வைத்தேன்.

அவர்கள் கோபப்படவில்லை. விடைத்தாள் கட்டு ஒன்றிலிருந்து ஒரு தாளை உருவினார்கள். "மத்ததெல்லாம் ரொம்ப நல்லா பண்ணிருக்கா. தட்டுப் புதிர்லதான் நின்னுட்டா. ஏழு அட்டைத் துண்டு. தட்டு முழுக்க நிரம்பணும். ஆறு வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தா. தட்ட முடிக்காதவங்கள எடுக்கறது இல்ல. அது எங்க விதி."

நம்ப முடியவில்லை. காகிதத் துண்டுகளை அடுக்குவது என் பிள்ளைக்குச் சோறு சாப்பிடுவது மாதிரி. என் வெட்டு மேசைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். துணியின் மேல் சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று காகித அச்சுகளைப் பரப்பித்தான் வெட்டுவோம். எவ்வளவு நெருக்கி அடுக்குகிறோமோ அவ்வளவு துணி மிச்சம். "அம்மா, காலர இங்க தள்ளு, ஒரு சாண் மிஞ்சும்" என்பாள். மிஞ்சும். நான் உள்ளுக்குள் பூரித்துப்போய், வெளியே "போய்ப் படி" என்பேன்.

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். டிக், டிக், டிக், கடைசியில் ஒரு பெருக்கல் குறி. பின்னால் பென்சில் அழுத்தி எழுதிய தடம் காகிதத்தில் புடைத்துக்கொண்டிருந்தது. துணியாக இருந்தாலும் தாளாக இருந்தாலும் என் விரல் தடவிப் பார்க்காமல் இருக்காது. தாளைத் திருப்பினேன்.

அவள் குண்டு எழுத்தில் இருந்தது: 'ஐந்தாவது துண்டைப் புரட்டிப் போட்டால்தான் உட்காரும். புரட்டக் கூடாது. அதனால் இந்தத் தட்டு நிரம்பாது.'

அந்தச் சட்டத்தைப் போட்டது நான்தான்.

அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஒரு சட்டைக்கை அச்சை விளையாட்டாகப் புரட்டி வைத்துவிட்டாள். கவனிக்காமல் நாற்பது அடுக்குத் துணியை வெட்டு மிஷினால் வெட்டிவிட்டேன். புரட்டிய வலது கை இடது கை ஆகிவிடும். நாற்பது பள்ளிச் சட்டைக்கும் இரண்டும் இடது கை. அன்று நான் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும். "புரட்டக் கூடாது. செத்தாலும் எந்தத் துண்டையும் புரட்டக் கூடாது" என்று அவள் கையைப் பிடித்து உலுக்கினேன். அதற்குப் பிறகு அவள் ஒரு துண்டையும் புரட்டியதில்லை.

"மேடம், இது அவ தப்பு இல்ல. என் தப்பு" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மூன்று வாக்கியங்களை இரண்டு தரம் படித்தார்கள். பிறகு தட்டையும் துண்டுகளையும் எடுத்துவந்து தொணாவின் முன் வைத்தார்கள். "இது வெறும் அட்டம்மா. புரட்டலாம்."

தொணா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். முதலில் ஐந்தாவது துண்டைப் புரட்டினாள், பிறகு ஏழையும் மளமளவென்று வைத்தாள். நான் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் தட்டு நிரம்பிவிட்டது. நிரம்பிய தட்டை அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தாள். "உக்காந்துடுச்சு. ஆனா இத யார் போட்டுப்பாங்க?"

அந்த அம்மா சிரித்தேவிட்டார்கள். "அன்னைக்கு முப்பத்தொரு பிள்ளைங்க தட்ட முடிச்சாங்க. எந்தத் துண்டு, ஏன்னு ஒருத்தரும் சொல்லல. முடியாதுன்னு கண்டுபிடிச்சு, அதுக்குக் காரணமும் எழுதியிருக்கா இவ. நாங்க தாளோட பின்பக்கத்தப் பாக்கவே இல்ல. தப்பு எங்களோடது. வர்ற சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க. நீங்களும் வரணும். பக்கத்து ரூம்ல அப்பா அம்மாங்க உக்காருவாங்க."

"எங்களுக்கு எதுக்கு மேடம் வகுப்பு?"

"வகுப்பு இல்ல. பிள்ளை கேக்கறதுக்குப் பதில் தெரியலன்னா நமக்குக் கோபம் வருது இல்ல? அத வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு பேசிப்போம். எம் பையனும் இப்படித்தான். நானும் கத்தினவதான்."

பிறகு என் விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் தள்ளினார்கள். "இதுல ஒரு இடம் தப்பா இருக்கு. திருத்திக் குடுத்துடுங்க."

அவர்கள் விரல் வைத்த இடத்தில் 'யாரும் இல்லை' என்றிருந்தது. நாற்பது அடுக்கை மயிரிழை பிசகாமல் வெட்டுகிற கை எனக்கு. அந்தக் கையாலேயே அதை அடித்துவிட்டு 'அம்மா' என்று எழுதினேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

தொணா எட்டிப் பார்த்தாள். "தொழில்னு இருக்கே, அதுல மாஸ்டர்னு போடும்மா. அக்கா வேணாம்."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஓட்டுநரின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நாலு நிறுத்தம் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் முழங்கையை இடித்தாள்.

"அம்மா, கண்ணாடியும் புரட்டுது இல்ல? அப்ப அதுல இருக்கற நீ கத்தரிய எந்தக் கையில பிடிப்ப? அது ஏன் மேல கீழ மட்டும் புரட்ட மாட்டேங்குது?"

பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்விகள். பழைய நானாக இருந்தால் பேசாமல் வா என்றிருப்பேன்.

"எனக்குத் தெரியலடி. சனிக்கிழமை ரெண்டு பேரும் போய்க் கேப்போம். அடுத்தது என்ன, கேளு."

வீடு வர இன்னும் ஏழு நிறுத்தம் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.