அன்றைக்கு இட்ட முட்டை

என் பெண்சாதி தையலம்மாள் செத்துப்போன வருஷமே எங்கள் ஒரே மகள் காசம்மாளுக்கு சுத்துக்கேணியில் கல்யாணம் முடிந்தது. அதன்பிறகு வில்லியனூர் ஏரிக்கரை ஓரத்து என் வீட்டில் நானும் ஒரு கறுப்புப் பெட்டைக்கோழியும்தான். கரும்பு வெட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் எதிரே ஓடிவர அந்தக் கோழி ஒன்றுதான் உண்டு. அதுவும் தவிட்டுக்காக.

காசம்மாளுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் அழைத்துவரப் போனேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சுருங்கிக் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மசக்கை இன்னும் அவளை விடவில்லை.

சம்பந்தியம்மாள் செங்கமலம் மோர் கொடுத்துவிட்டு நின்றபடியே கேட்டாள்.

“பொம்பள இல்லாத வூட்டுக்கு எப்படிண்ணே அனுப்பறது? இன்னா ஆக்கிப் போடுவீங்க?”

“கஞ்சி காய்ச்சுவேன். களி கிண்டுவேன்.”

“அதத்தான் வாய்ல வெக்க மாட்டேங்கறாளே! முட்டை ஒண்ணுதான் கேக்கறா. அவிச்சுக் குடுத்தா நாறுதுங்கறா. எண்ணெயில போட்டா வாசலுக்கு ஓடி குமட்டறா. எனக்கே தோது தெரியல, நீங்க இன்னா பண்ணப்போறீங்க?”

“அப்பா, நான் வரேம்பா,” என்றாள் காசம்மாள். மாமியார் காதில் விழக்கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

செங்கமலம் காதிலும் விழுந்துதான் இருக்க வேண்டும். “தேருக்கு வில்லியனூர் வருவேன். உங்க அடுப்பு எரியற அழகைப் பாத்துட்டு அப்புறம் சொல்றேன்,” என்றாள்.

என்னோடு கரும்பு வெட்டும் மரியதாஸ் சின்ன வயதில் புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் குசினியில் பாத்திரம் தேய்த்தவன். மதியக் கஞ்சி குடிக்கும்போது அவனிடம் சொல்லி அழாத குறையாகக் கேட்டேன்.

“எண்ணெயே வாணாம்டா செல்லப்பா. கொதிக்கிற தண்ணில முட்டையை உடைச்சி ஊத்துவான் குசினிக்காரன். வெள்ளை சுத்தி மூடிக்கும். மஞ்சா உள்ள தளதளன்னு நிக்கும். சின்னத் தலகாணி மாதிரி.”

“தண்ணில கரைஞ்சி பூடாதா?”

“சீமைக் காடி கொஞ்சம் ஊத்துவான். புளிப்பு இருந்தா கரையாது.”

சீமைக் காடிக்கு நான் எங்கே போவேன்? புளித்த கள்ளை ஊற்றினேன். முட்டை நூல் நூலாகப் பிரிந்து சட்டியெல்லாம் நுரைத்தது. வாசம் தெருவுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பச்சையப்பன் படலைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

“இன்னாண்ணே, தனியா குடிக்க மனசு வராம முட்டைக்கும் ஊத்திக் குடுக்கறியா?”

“போடா. சமையல் கத்துக்கறேன்.”

“யாருக்கு?”

நான் சட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். வாய்விட்டுச் சொன்னால் நடக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

கள்ளை விட்டு எலுமிச்சம்பழத்துக்கு மாறினேன். வாசம் போனது, நூல் போகவில்லை. கரண்டியால் கூட்டிச் சேர்த்துப் பார்த்தேன், இன்னும் கலங்கியது. பிய்ந்ததையெல்லாம் உப்புப் போட்டு நானே தின்றேன். முட்டை வாசம் எனக்கே குமட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது.

கோழி இடுகிற முட்டையைத் தவிட்டுப் பானையில் சேர்த்துவைத்து மதகடிப்பட்டுச் சந்தைக்கு அனுப்புவது தையலம்மாள் வழக்கம். நானும் அதே பானையில் சேர்த்து, அடியில் கிடப்பதைத்தான் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மழையால் வெட்டு நின்றுபோனது. அடுப்பில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தபோது கூடையிலிருந்து இறங்கிக் கோழி கொக்கரித்தது. முட்டை கைக்குச் சுடச்சுட இருந்தது. பானைவரை போக அலுப்பாக இருந்ததால் அதையே கொட்டாங்கச்சியில் உடைத்து, தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்து மெல்லச் சரித்தேன்.

பிரியவில்லை. வெள்ளை தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு மஞ்சளை உள்ளே வைத்து மூடிக்கொண்டது.

விறகை வெளியே இழுத்தேன். சட்டியை மூடிவிட்டு ஒரு வாய் வெற்றிலை போட்டேன். மென்று முடித்துத் திறந்தால் மரியதாஸ் சொன்ன தலையணை. காட்ட ஆள் இல்லை. கோழிக்குத்தான் காட்டினேன்.

அதன்பிறகு பானையைத் தொடாமல் அன்றன்றைக்கு இட்டதையே எடுத்தேன்; ஒன்றும் தவறவில்லை. உட்சுவரை வெள்ளையடித்தேன். கட்டிலுக்குக் கயிறு மாற்றிக் கட்டினேன். காசம்மாள் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் காற்று வரும் என்று படுத்துப் பார்த்தேன்.

தேரன்று செங்கமலம் தனியாக வந்தாள்.

“காசம்மா வர்ல?”

“இந்தக் கூட்டத்துலயா வயித்துப்புள்ளக்காரிய இழுத்துக்கினு வருவேன்? நல்லா கேட்டீங்க போங்க.”

அன்று காலையில் கோழி இட்டதை எடுத்தேன். அவள் பின்னால் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டையை இலையில் எடுத்துவைத்து உப்பும் மிளகும் தூவினேன். அவள் விரலால் தொட்டதும் மஞ்சள் வழிந்தது. முகர்ந்து பார்த்தாள். தின்றாள். இலையையும் வழித்தாள்.

“நாத்தமே இல்லியேண்ணே. எப்படி?”

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் பெரிதானது. மகள் வீட்டுக்கு வந்துவிட்டதுபோலவே இருந்தது.

செங்கமலம் கையைக் கழுவிக்கொண்டு கட்டிலைப் பார்த்தாள், வெள்ளையடித்த சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“அனுப்ப மாட்டேன்னு நான் வீம்புக்குச் சொல்லலண்ணே. விடிஞ்சா நீங்க கழனிக்குப் போயிடுவீங்க. தெருவுல இருக்கற பொம்பளைங்களும் போயிடுவாளுங்க. நடுப்பகல்ல வலி எடுத்தா அவ யாரக் கூப்பிடுவா? இந்தக் கோழியையா?”

வேலைக்குப் போகாமல் இருந்தால் அடுப்பு எரியாது. அவள் சொன்னது நியாயம்தான்.

“நானே செஞ்சிக் குடுக்கறேன். இனிமே திம்பா,” என்றாள்.

“முட்டை அன்னன்னிக்கு இட்டதா இருக்கணும் சம்பந்தியம்மா.”

“எங்க வூட்டுக் கோழியெல்லாம் கழிச்சல்ல செத்துப்போச்சே. சந்தையிலதான் வாங்கணும்.”

“சந்தை முட்டை பிரிஞ்சிடும்,” என்றேன்.

பிறகு தவிட்டைத் தூவினேன். கோழி ஓடிவந்தது. பிடித்து வாழைநாரால் காலைக் கட்டிச் செங்கமலத்தின் கையில் கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தேர்க்கூட்டத்தில் கலந்து போனாள்.

மறுநாள் காலையில் எழுந்து சட்டியில் தண்ணீர் வைத்து அடுப்பை மூட்டினேன். கூடையில் கையை விட்டபோதுதான் ஞாபகம் வந்தது. வைக்கோல் குளிர்ந்து கிடந்தது. சுத்துக்கேணியில் இந்நேரம் அது கொக்கரித்திருக்கும்.

தண்ணீர் கொதித்தது. விறகை இழுத்துவிட்டு, சட்டியை மூடி, ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டேன். மென்று முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு கரும்பு வெட்டப் போனேன்.