கதவில் ஒட்டிய பெயர்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மலையடிவாரத்துப் பெண்டில்டன் ஊரில் ஒரு சரக்குத் தரகு அலுவலகத்தில் இருக்கிறேன். எந்த லாரிக் கம்பெனியை நம்பிச் சரக்கு ஏற்றலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பதிவு செல்லுமா, இன்சூரன்ஸ் ஓடுகிறதா, சாலைச் சோதனையில் எதற்கெல்லாம் மாட்டினார்கள், எல்லாம் அரசாங்கத் தளத்தில் கிடக்கும். தேடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வீட்டிலும் இந்தப் புத்தி போவதில்லை என்று என் புருஷன் புலம்புவார். போகாதுதான்.

சனிக்கிழமை என் தம்பி ராய்ஸ் வந்தான். வாயெல்லாம் பல்.

"அக்கா, வேலை கெடச்சிருச்சு! ப்ளூ காமாஸ்னு புதுக் கம்பெனி. நீயே தேடிப் பாரு, ஒரு கரும்புள்ளி இருக்காது."

நானும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லவில்லை. ஒரு வருஷமாக வேலையில்லாமல் சோபாவில் கிடந்தவன். பெண்டாட்டி பிரிந்துவிட்டாள். மகள் டெல்லா யாரோடு இருப்பது என்று வியாழக்கிழமை ஜட்ஜ் முடிவு சொல்கிறார். வேலை இருந்தால் பிள்ளை பாதி நாள் இவனோடு. இல்லையென்றால் தாயோடு தூரத்துப் பாய்ஸி நகரத்துக்குப் போய்விடும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பார்க்கலாம்.

அவன் போனதும் தேடினேன். ஒரு புள்ளிகூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. ஓடுகிற லாரி என்றால் ஏதாவது ஒரு சோதனையில் நின்றிருக்கும், பின்விளக்கு எரியவில்லை என்றாவது எழுதியிருப்பார்கள். புதுக் கம்பெனிக்கு எட்டு லாரி எங்கிருந்து வந்தது? ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன். புருஷன் தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நான் சுட்ட ஆப்பிள் கேக்கைச் சாக்காக வைத்துக்கொண்டு லாரி நிற்கும் இடத்துக்கே போனேன். ராய்ஸ் அவனுடைய வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கம்பெனி பெயரும் அரசாங்கம் கொடுத்த எண்ணும் கதவில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்தது, காந்தப் பலகையில். நான் விரலை விட்டு ஒரு மூலையைக் கிளப்பினேன். அடியில் தேய்த்தும் போகாத பழைய எழுத்து: லாட்ஹாம் பிரதர்ஸ்.

பிரேக் பிடிக்காத லாரிகளை ஓட்டி ஓட்டி மாட்டி, கடைசியில் அரசாங்கமே ஓட்டக்கூடாது என்று நிறுத்திய கம்பெனி. என் வாயால் எத்தனை முறை வேண்டாம் என்றிருக்கிறேன். பழைய கள், புதிய மொந்தை.

"ராய்ஸ், இது யாரு வண்டின்னு தெரியுமா?"

"தெரியும். எனக்குக் கண்ணில்லைன்னு நெனச்சியா?"

"தெரிஞ்சுமாடா ஏறப் போற?"

"வேற எவன் கூப்பிட்டான்? வியாழக்கிழமை வரைக்கும் ஓட்டுறேன். ஜட்ஜ் முன்னாடி வேலை இருக்குன்னு சொல்லிட்டு அப்புறம் விட்டுர்றேன். நீ யாருக்காவது போன் பண்ணித் தொலைச்சிராத, அக்கா. உன் வேலையை என் வாழ்க்கையில காட்டாத."

கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை அவன் காலியாகக் கிழக்கே போய், எல்லையோர ஊரான ஆன்டாரியோவில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். காலியாக ஏறும்போது மலை ஒன்றும் செய்யாது. பாரத்தோடு எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் கேபேஜ் ஹில் மலை இறக்கத்தில் இறங்குவதுதான் விஷயம். எங்கள் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும், நல்ல லாரிகளே சக்கரம் புகைய வந்து சேரும்.

மத்தியானம் வரை பொறுத்தேன். ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு நல்ல கம்பெனியை வேண்டாம் என்று எழுதிவிட்டு அழித்தேன். பிறகு, லாரிகளை எடைபோட்டுப் பார்க்கும் சாலையோர எடைநிலையத்துக்குப் போன் போட்டேன். தம்பி திட்டட்டும், அங்கே நிறுத்திச் சோதிக்கட்டும் என்றுதான். "இன்னைக்கு ஆள் இல்லம்மா, மூடியிருக்கு" என்றார்கள். ராய்ஸ் போனை எடுக்கவில்லை. காரை எடுத்தேன்.

மலைமேல், இறக்கம் தொடங்குமுன், லாரிகள் ஒதுங்கிப் பிரேக் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. குறுக்கே காரை விட்டாவது மறிப்பது என்று போனேன். மறிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் லாரி அங்கேயே நின்றது. மற்ற லாரிகள் வந்தன, பார்த்தன, போயின. இவன் லாரிப் படியில் உட்கார்ந்திருந்தான், கையெல்லாம் கிரீஸ்.

"வந்துட்டியா," என்றான். "உன்னைத்தான் காணோமேன்னு பார்த்தேன்."

"பிரேக் எப்படிடா இருக்கு?"

"பின்னால நாலு சக்கரம் பிடிக்கல. மிச்சம் பிடிக்குது. கீழ் கியர்ல உருட்டிக்கிட்டே போனா இறங்கிரலாம்."

"அப்ப ஏன் இறங்கல?"

அவன் கண்ணைத் துடைத்ததில் முகத்தில் கிரீஸ் அப்பியது. எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் லாரிக்கு முன்னால் போய் நின்றேன்.

"என் மேல ஏத்திட்டுப் போ."

"நாடகம் ஆடாத அக்கா. வேலை இல்லைன்னு போய் நின்னா டெல்லாவைக் கொண்டுபோயிருவாங்க."

"நீ பள்ளத்துல கெடந்தாலும் கொண்டுபோகத்தான் போறாங்க! முன்னால போற கார்ல எவன் பிள்ளை இருக்கோ, அதையும் சேர்த்துக்க!"

கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்தான். பிறகு முதலாளிக்குப் போன் போட்டான். "வண்டி மலைமேல நிக்குது. பிரேக் சரிபண்ண ஆள் அனுப்புங்க. நான் இறக்க மாட்டேன்." அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. அந்தக் கத்தலிலேயே வேலை போய்விட்டது. சாவியை இருக்கைமேல் வைத்துவிட்டு இறங்கினான்.

"இப்ப ஜட்ஜ்கிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"நீ சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்றேன்."

"சொன்னா பிள்ளையைக் குடுத்துருவாரா?"

"தெரியாதுடா," என்றேன். தெரியாதுதான்.

என் காரில் ஏறினான். இறக்கத்தில் இறங்கினோம். கோபமாகத்தான் இருந்தான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். என் காரின் பிரேக் நன்றாகவே பிடித்தது. இருந்தும் மலை முடிகிற வரை, ஒவ்வொரு வளைவிலும், ராய்ஸின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது.