நான்காவது மாடி

கணினி நிரல் ஏன் நின்றுவிட்டது என்று இந்த மனிதருக்கும் தெரியாது. இவர் முகத்தைப் பார்த்துத்தானா மூன்று மாதமாக நடுங்கிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தாள் ஷூ-யுன்.

திரையில் 1, 2, 3. அதற்குமேல் அசையவில்லை. தைவானின் தைச்சுங் நகரில் ஒரு புதுக் கட்டடத்தின் மின்தூக்கிப் பலகையில் மூன்றுக்கு அடுத்து ஐந்து வரவேண்டும். சீன மொழியில் 'சாவு' என்பதுபோல் ஒலிக்கும் நான்கை எந்த மாடிக்கும் வைக்கமாட்டார்கள். ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை எண்ணி, நான்கை மட்டும் தாண்டிப்போகும் பத்து வரி நிரல். அவள் எழுதியது. மூன்று மணிக்குள் ஓடினால்தான் வேலை நிரந்தரம். மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்திட வேண்டியவர் இந்த மனிதர்தான், அவளுக்கு மேலே இருக்கும் காவ்.

"நாலைத் தொட்டா இப்படித்தான், தங்கச்சி," என்றார் காவ், தேநீரை உறிஞ்சியபடி. கணினி அடம்பிடிக்காமலிருக்க, அந்த ஊர் வழக்கப்படி அதன்மேல் வைத்திருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஐயய்யோ, தேதி முடிஞ்சிருக்கே! மெஷின் கோவிச்சுக்காம என்ன செய்யும்? ஓடிப்போய்ப் புதுசு வாங்கிட்டு வா. பச்சைதான். மஞ்சளை வாங்கிட்டு வந்தே, மொத்த ஆபீஸும் படுத்துரும்."

போனாள். வாங்கினாள். வைத்தாள். 1, 2, 3.

"மனசார வைக்கலை நீ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதினைந்து வருட அனுபவசாலி! ஆனால் அவரைவிடத் தன்மேல்தான் அருவருப்பு அதிகம். காலையிலிருந்து திரையைப் படிக்காமல் இவருடைய புருவத்தையல்லவா படித்துக்கொண்டிருந்தாள்?

விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். எண் நான்கானால் மிச்சத்தை விட்டுவிட்டு மேலே திரும்பு என்றது ஒரு வரி. எண்ணோடு ஒன்றைக் கூட்டும் வரி அதற்கும் கீழே கிடந்தது. அங்கே போய்ச் சேர்ந்தால்தானே கூடும்? நான்கு நான்காகவே செக்குமாடாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

திரும்புமுன் ஒன்றைக் கூட்டு என்று ஒரு வரி சேர்த்தாள். 3, 5, 6... பன்னிரண்டுவரை கடகடவென்று ஓடியது.

"பாத்தியா!" காவ் தொடையில் தட்டிக்கொண்டார். "பொட்டலத்தோட மகிமை! இப்படி நில்லு, அதைக் கையெடுத்துக் கும்பிடு. போட்டோ எடுத்து குரூப்ல போடறேன். அப்புறம் கையெழுத்து."

"நான் ஒரு வரி சேர்த்தேன், அண்ணா."

"சேர்த்தே, சேர்த்தே. விளையாட்டுக்குத்தானே, மூஞ்சிய ஏன் தூக்கி வெச்சுக்கிறே? கும்பிடு."

தாள் அவர் முழங்கைக்கு அடியில் இருந்தது. பேனா மூடி திறந்திருந்தது.

ஷூ-யுன் பொட்டலத்தை எடுத்து அவர் தேநீருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க வெச்சுக்கோங்க, அண்ணா. நான் கும்பிடலை."