ஆளுக்குப் பாதி

தயிர்சாதத்தின் கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு ராஜாராம், "புட் ஆஃப்" என்றார்.

எதிரே நூல் சிப்பத்தின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த முத்திருளன், களி உருண்டையைக் குழம்பில் புரட்டியபடியே, "தள்ளிப்போடு" என்றான்.

"புட் அவுட்."

"அணை."

"புட் அப் வித்."

"பொறுத்துக்க."

மில்லின் நூல் கிடங்கில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் சில மாதங்களாக இப்படித்தான் கழிந்துகொண்டிருந்தது. இருவரும் அந்தக் கிடங்கின் குமாஸ்தாக்கள். ஊரெல்லாம் விலை சரிந்து, நெய்கிறவர்கள் நூல் வாங்காமல், சிப்பங்கள் கூரைவரை தேங்கிக் கிடந்தன. கிடங்குக்கு இனி ஒரு குமாஸ்தா போதும், இங்கிலீஷில் பேசத் தெரிந்தவனாகப் பார்த்து நானே பரீட்சை பண்ணி வைத்துக்கொள்கிறேன் என்று மானேஜர் துரை சொல்லிவிட்டார். துரை என்ன கேட்பார் என்பதை மில் ஆபீஸ் பெரிய குமாஸ்தாதான் இருவருக்கும் சொன்னார். "பெரிய பெரிய வார்த்தையெல்லாம் நம்மாளு நெட்டுருப் போட்டு வச்சிருக்கான். சின்ன வார்த்தையிலதான் வழுக்கி விழுவான்னு தொரைக்குத் தெரியும். இந்த 'புட்'ட நல்லாப் பாத்துக்கங்க."

அதிலிருந்து பிடித்தது சனியன். 'வை' என்று ஒரு அர்த்தத்தைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க விடுகிற சொல்லா அது? பின்னால் ஒரு துணுக்கு ஒட்டினால் விளக்கை அணைக்கிறது. வேறொன்று ஒட்டினால் சட்டை மாட்டிக்கொள்கிறது. கலகத்தை அடக்குகிறது, விருந்தாளியைத் தங்கவைக்கிறது, காசைச் சேர்த்துவைக்கிறது. ராஜாராமுக்குச் சில நாள் அதன்மேல் பரிதாபமே வந்தது. பாவம், எத்தனை வீட்டில்தான் வேலை பார்க்கும். அவருக்கும் வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், இங்கே இது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் எந்த மொழியிலும் வாயைத் திறக்கப் பிடிப்பதில்லை. மனைவி சீதாலட்சுமி என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவதோடு சரி. அவளும் எதற்கு ஆட்டுகிறார் என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

பாடம் பண்ணும் முறை ராஜாராமுடையது. அவர்கள் தெரு பஜனையில் ஒருவர் அடி எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அப்படித்தான் அவருக்கு எதுவும் மனசில் பதியும். அவர் எடுத்துக்கொடுத்தார், முத்திருளன் வாங்கிக்கொண்டான். ராகம்கூட ஏறக்குறைய அதேதான். நாளாக நாளாகத் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஓடியது. அப்படி ஓடும்போது இருவருக்கும் தைரியமாக இருந்தது.

ஒருவருக்குத்தான் வேலை என்பதை மட்டும் இருவரும் பேசவில்லை. முத்திருளனின் அய்யாவுக்குச் சமயநல்லூருக்கு மேற்கே இருந்த புஞ்சை மழையில்லாமல் வெடித்துக் கிடந்தது. அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் அவன். ராஜாராமுக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் இரண்டு பேர். தறியை விட்டுப் பல காலமாகிவிட்டது, திரும்பிப்போய் உட்கார இடமும் இல்லை, இடுப்பும் இல்லை.

பரீட்சையன்று ராஜாராமை முதலில் கூப்பிட்டார்கள். முத்திருளன் வராந்தா பெஞ்சில் இருந்தான். உள்ளே துரையும், பதிலைச் சரிபார்க்கப் பெரிய குமாஸ்தாவும். துரை சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தார். 'புட் ஆஃப்' என்றால் என்ன என்று கேட்டார்.

ராஜாராம் வாயைத் திறந்தார். "புட் அவுட்" என்று வந்தது. துரை புருவத்தைத் தூக்கினார். "புட் ஆன்" என்றார் ராஜாராம். கேள்விகள் அத்தனையும் வரிசையாக நாக்கின்மேல் நின்றன. அர்த்தம் ஒன்றுகூட இல்லை. அர்த்தம் என்று நினைத்தாலே முத்திருளனின் குரல்தான் கேட்டது. அத்தனை நாளும் எடுத்துக்கொடுத்தாரே தவிர, ஒருநாளாவது தான் வாங்கிச் சொன்னாரா? இந்த வயதில் இப்படியும் ஒரு முட்டாள்தனம் உண்டா என்று அவருக்கு அழுகை முட்டியது. ஏதாவது வரட்டும் என்று, பழகிய ராகத்திலேயே மறுபடியும் "புட் ஆஃப்" என்றார்.

"தள்ளிப்போடு" என்றது வராந்தா.

துரை எழுந்தே விட்டார். முத்திருளனை உள்ளே இழுத்துவந்து நிறுத்தினார்கள். "வேணும்னு சொல்லலீங்க. வாய் தானா சொல்லிருச்சு" என்றான். பெரிய குமாஸ்தா நடந்ததை விளக்க விளக்க, துரையின் கோபம் சிரிப்பாக மாறியது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, முழுப் பாடத்தையும் ராகத்தோடு சொல்லச் சொன்னார். சொன்னார்கள். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு முத்திருளனைக் கேள்வி கேட்கச் சொல்லி, ராஜாராமைப் பதில் சொல்லச் சொன்னார். இருவரும் ஊமையாக நின்றார்கள்.

வெளியே வந்ததும் பெரிய குமாஸ்தா முடிவைச் சொன்னார். "ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆளுங்கிறாரு தொரை. ரெண்டு சம்பளம் கிடையாது. யாரு இருக்கறது, யாரு போறதுன்னு நீங்களே பேசிக்கணுமாம். சாயங்காலச் சங்குக்கு வாரேன். பேரைச் சொல்லுங்க."

கிடங்குக்குத் திரும்பி நடக்கையில் முத்திருளன், "நான் சும்மா இருந்திருக்கணும்ணே" என்றான்.

"நீ சொல்லலைன்னா நின்ன எடத்துலயே விழுந்திருப்பேன்டா."

நீங்களே இருங்கண்ணே என்று அவன் சொல்லமாட்டானா என்று ராஜாராம் மத்தியானம் முழுக்க எதிர்பார்த்தார். எதிர்பார்க்கிறோமே என்று வெட்கப்பட்டார். வெட்கப்பட்டும் எதிர்பார்ப்பு நிற்கவில்லை. அவனும் இவர் வாயையே அடிக்கடி பார்ப்பதைக் கவனித்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் கோரிப்பாளையம் சாயக்கடைக்குப் போகவேண்டிய வண்டி வந்தது. சுமைக்காரர்கள் யாருமில்லை, அவர்களை முன்பே குறைத்தாகிவிட்டது. சிப்பத்தின் ஒரு பக்கத்துக் கயிற்றை ராஜாராம் பிடித்தார், மறுபக்கம் முத்திருளன். தூக்கி வண்டியருகே கொண்டுவந்தபோது சங்கு ஊதியது. வாசலில் பெரிய குமாஸ்தா நின்றிருந்தார்.

"என்னப்பா, யாரு?"

இருவரும் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

"ஏத்துங்கய்யா, பாலத்துல கூட்டம் சேந்துரும்" என்று வண்டிக்காரர் அவசரப்படுத்தினார்.

"அண்ணே, கயிறு கையை அறுக்குது" என்றான் முத்திருளன் மெதுவாக.

ராஜாராமின் உள்ளங்கையையும் அறுத்தது. ஒருவர் கையை விட்டால் பாரம் அத்தனையும் மற்றவர் காலில் இறங்கும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.